மஞ்சள் பீற்றூட்டும் திகதி மறைந்த விதைப் பொதிகளும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் பத்திரிகையின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் சில கிழமைகளுக்கு முன் வெளியான வாசகர் குறிப்பு ஒன்றில், தங்க நிற பீற்றூட் யாழ்ப்பாணத்து மண்ணுக்கும் வெயிலுக்கும் ஒத்துவராத பயிர் என்றும், விதைத்தவற்றில் பெரும்பகுதி முளைக்கவேயில்லை என்றும், ஆகவே அதற்காக எவரும் பணத்தைச் செலவிட வேண்டாம் என்றும் எழுதப்பட்டிருந்தது. அந்த வாசகரின் ஏமாற்றம் எனக்கு நன்றாக விளங்குகிறது. முதல் இரு வருடங்களும் எனக்கும் அதுவே நேர்ந்தது. ஆயினும் அவர் வந்தடைந்த முடிவு பிழையானது என்று கருதுவதாலும், அதை நம்பிப் பலர் இந்தப் பயிரை முயன்று பாராமலே விட்டுவிடுவார்களோ என்ற கவலையாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன். முளைக்காமற் போனதற்கு மண் காரணமன்று. விதை எத்தனை வருடம் பழையது என்பதும், விதைத்து முதற் பத்து நாட்களில் அதை எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பதுமே காரணங்கள்.

நான் ஓர் இளைப்பாறிய ஆசிரியை. கோண்டாவிலில் எங்கள் வளவில், கிணற்றடிக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள சிறிய தறையில், நான்கு மாரிகளாக இந்தப் பயிரைச் செய்துவருகிறேன். என் தாயாருக்கு பீற்றூட் கறி மிகவும் விருப்பமானது. எண்பது வயதைத் தாண்டிய பின் ஒருநாள், முதல் நாள் மதியம் உண்ட பீற்றூட்டினால் சிறுநீர் சிவந்திருந்ததைக் கண்டு, அது இரத்தம் என்று அவர் பயந்துபோனார். வைத்தியசாலையில் பரிசோதித்து, நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு பேருக்கு இப்படி நிகழ்வதுண்டு, இதனால் தீங்கு எதுவுமில்லை என்று வைத்தியர் விளக்கிய பின்னரும், அந்தக் கறியை அவர் தொட மறுத்துவிட்டார். சிவப்பு நிறமி இல்லாத பீற்றூட் ஒன்று இருக்கிறது என்று அறிந்தபோது, அதை எப்படியாவது அவருக்கு வளர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நான் இந்தப் பயிருக்கு வந்தது அவ்வாறுதான்.

மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் சிவப்பு பீற்றூட் நெடுங்காலமாகச் செய்கைபண்ணப்படுகிறது என்பதைத் திருநெல்வேலிச் சந்தைக்கோ மருதனார்மடம் சந்தைக்கோ போய்வரும் எவரும் அறிவர். தங்க நிற பீற்றூட் அதே இனத் தாவரம்; வேறு மண்ணோ வேறு காலநிலையோ தேவைப்படும் புதிய பயிர் அன்று. பீற்றூட்டின் நிறம் பீற்றலெயின் என்னும் நிறமிக் கூட்டத்தினால் வருவது. அக்கூட்டத்தில் செவ்வூதா நிறத்தைத் தருவன ஒரு வகை, மஞ்சள் நிறத்தைத் தருவன இன்னொரு வகை. சிவப்பு பீற்றூட்டில் இரண்டு வகைகளும் உண்டு, சிவப்பு மேலோங்கியிருப்பதால் மஞ்சள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிவப்பு நிறமியை உண்டாக்கும் நொதியத்துக்குரிய ஒரு பரம்பரையலகு செயலிழந்துவிட்டால் மஞ்சள் மட்டும் எஞ்சுகிறது. அந்தப் பரம்பரையலகு எது என்பதை ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டார்கள். இந்த ஒரு மாற்றத்தால் செடி செம்பாட்டு மண்ணை வெறுக்கப்போவதில்லை. சிவப்பு விளையும் தறையில் மஞ்சளும் விளையும்.

அப்படியானால் ஏன் முளைப்பதில்லை என்று வாசகர்கள் கேட்பார்கள். இதற்கு விதையின் அமைப்பிலிருந்து விடை தேட வேண்டும். நாங்கள் பீற்றூட் விதை என்று கையில் எடுக்கும் கரடுமுரடான தக்கை போன்ற உருண்டை உண்மையில் தனி விதை அன்று. ஒட்டி வளர்ந்த இரண்டு முதல் ஐந்து பூக்கள் காய்த்து உலர்ந்து இறுகிய கொத்து அது. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு விதை உண்டு. ஓரிடத்தில் ஓர் உருண்டையை இட்டால் மூன்று நாற்றுகள் எழுவது இதனாலேயே. சீனிக்காகப் பயிரிடப்படும் பீற் வகையில் ஓர் உருண்டைக்கு ஒரே நாற்று மட்டும் தரும் செடிகளை சவிற்ஸ்கி என்னும் ஆய்வாளர் 1948இல் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் கண்டெடுத்தார். பெருந்தோட்டங்களில் நாற்றுகளை ஐதாக்கும் வேலைப் பளு அதன்பின் வெகுவாகக் குறைந்தது. எங்கள் தோட்டத்துக் கறி பீற்றூட்டில் பெரும்பாலானவை இன்றும் கொத்தாகவே இருக்கின்றன.

இந்த உருண்டையின் தக்கைத் தோலில் முளைப்பைத் தடுக்கும், நீரிற் கரையும் சில இரசாயனங்கள் உள்ளன. செடி இயல்பாக வளரும் நிலத்தில் நல்ல மழை பெய்து அவை கழுவப்பட்ட பின்னரே விதை கண் விழிக்கும். ஆகவே விதைப்பதற்கு முன் உருண்டைகளைக் கழுவ வேண்டும் என்பது உண்மை. ஆனால் கழுவுவது வேறு, மூழ்கடிப்பது வேறு. பாகல், புடோல் விதைகளை நாள் முழுதும் ஊறவைத்து ஈரச் சீலையில் கட்டி வைக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. அந்த நினைவிலேயே நானும் முதல் வருடம் பீற்றூட் விதையை ஒரு பகலும் ஓர் இரவும் நீருக்குள் வைத்தேன். பீற்றூட் விதைக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். நீருக்குள் நெடுநேரம் கிடந்தால் அந்தத் தக்கைத் தோல் ஊறி, ஒட்சிசன் உள்ளே போகாமல் விதை மூச்சடைத்துப் போகும். இப்போது நான் செய்வது இதுதான்: மாலையில் விதைகளை ஓர் அரிதட்டில் இட்டு, இளஞ்சூட்டு நீரில் நாலைந்து தடவை அலசி, பின் புதிய நீரில் இரண்டு மணித்தியாலம் வைத்து, வடித்து, ஈரத்துணியில் பரப்பி, மறுநாள் காலையில் விதைத்துவிடுகிறேன்.

தங்க நிற வகை சிவப்பு வகையைவிடக் குறைவாகவே முளைக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. விதை நிறுவனங்களே தம் பட்டியல்களில் இதை ஒப்புக்கொண்டு, சற்று நெருக்கமாக விதைக்கும்படி சொல்லுகின்றன. டச்ஸ்டோன் கோல்ட் என்னும் வகை இக்குறையைச் சரிசெய்யும் நோக்கத்தோடு தெரிவு செய்யப்பட்டது. கிடைக்குமாயின் அதைத் தேடி வாங்குவது நல்லது. ஆயினும் எந்த வகையாக இருந்தாலும் இயல்பிலேயே பலவீனமான விதை பழையதாகவும் ஆகிவிட்டால் அது முளைக்கப்போவதில்லை. என் இரண்டாம் வருட அனுபவம் அதைத்தான் காட்டியது.

அந்த வருடம் நகரத்துக் கடை ஒன்றில் இரண்டு பொதிகள் வாங்கினேன். வாசலில் வெயில் படும் இடத்தில் கம்பியிற் கொழுவித் தொங்கவிடப்பட்டிருந்தன. கழுவும் முறையைத் திருத்தி, பாத்தியையும் நன்றாகப் பண்படுத்தி, அறுபது உருண்டைகள் விதைத்தேன். ஒன்பது மட்டுமே முளைத்தன. வெறும் பொதியை எறியப்போகும் வேளையில், அதன் பின்புறத்தில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு ஈரத்தில் கழன்று வந்தது. அதன் கீழே பொதிசெய்த திகதி அச்சிடப்பட்டிருந்தது. நான் வாங்கிய நாளுக்கு மூன்று வருடங்கள் முந்தியது. கடைக்காரர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் சொல்லவரவில்லை, ஒட்டுவதற்கு வேறு இடம் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சிறு காகிதத் துண்டின் கீழே ஒரு முழு மாரிகால உழைப்பு வீணாகிப் போனது. அந்த வருடமும் அம்மாவுக்கு நான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை.

குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால் பீற்றூட் விதை நான்கு வருடம்வரை உயிரோடு இருக்கும். எங்கள் கடை வாசலிலோ அப்படியில்லை. விதைகளைச் சேமிப்பவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் விதி ஒன்று உண்டு: சேமிக்கும் இடத்தின் வெப்பநிலை ஐந்து, ஆறு பாகை செல்சியஸ் குறையும் ஒவ்வொரு முறையும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், விதையிலுள்ள ஈரப்பதன் நூற்றுக்கு ஒன்று குறைந்தாலும் அவ்வாறே இரட்டிக்கும். இதைத் தலைகீழாகப் பார்த்தால், முப்பது பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் கடற்காற்றின் ஈரத்திலும் காகிதப் பொதியில் தொங்கும் விதைக்கு என்ன நேரும் என்பது விளங்கும். மிளகாய் விதையையோ கத்தரி விதையையோ பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பீற்றூட்டுக்கு அந்த வழி இல்லை. அது இரண்டு வருடப் பயிர். முதல் வருடம் கிழங்கு வைத்து, பல கிழமைகள் பத்துப் பாகையளவு குளிரில் இருந்த பின்னரே பூக்கும். யாழ்ப்பாணத்தில் அந்தக் குளிருக்கு இடமே இல்லை. ஆகவே எங்கள் தோட்டத்தில் அது ஒருபோதும் விதை தராது. பிற நாட்டிலிருந்து வந்திறங்கும் விதையை நம்பியே நாம் இருக்கிறோம். அந்த விதை கப்பலிலும் களஞ்சியத்திலும் கடையிலும் எவ்வளவு காலம் கழித்தது என்பதை அறியும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர்களிடம் விதைப் பொதிகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லுவது எங்கள் பகுதியில் சாதாரணமாகிவிட்டது. விதைகளை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும். விதையோடு வரும் நோய்க்கிருமி ஒன்று எங்கள் வெங்காயத் தோட்டத்திலோ மிளகாய்த் தோட்டத்திலோ குடியேறிவிட்டால், அதைப் பிறகு எவராலும் திருப்பியனுப்ப முடியாது. உள்நாட்டுக் கடையில் முறைப்படி இறக்குமதி செய்யப்பட்ட, திகதியுள்ள பொதி கிடைக்குமானால் இந்தத் தேவையே எழாது.

பொதி கைக்கு வந்தவுடன் செய்யவேண்டிய ஒரு சிறு சோதனை இருக்கிறது. இருபது உருண்டைகளை எண்ணி எடுத்து, மேற்சொன்னபடி அலசி, ஈரமான பருத்தித் துணியில் இடைவெளிவிட்டுப் பரப்பி, துணியை மடித்து, மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் சிறிது காற்றுப் போகும்படி வைத்து, வீட்டினுள்ளே நிழலில் விட வேண்டும். துணி ஈரமாக இருக்கவேண்டுமே தவிர அதிலிருந்து நீர் வடியக் கூடாது. விதைப் பரிசோதனை நிலையங்களில் பீற்றூட்டை நான்காம் நாளில் முதன்முறையும் பதினான்காம் நாளில் இறுதியாகவும் எண்ணுவார்கள். அதே நாட்களை நாமும் பின்பற்றலாம். ஓர் உருண்டையிலிருந்து ஒரு நல்ல முளை வந்தாலே அதை முளைத்ததாகக் கணக்கிட வேண்டும். பதினைந்துக்கு மேல் முளைத்தால் விதை நல்லது. பத்து முளைத்தால் ஓரிடத்துக்கு இரண்டு உருண்டைகள் இட்டுச் சமாளிக்கலாம். ஐந்தாறு மட்டும் முளைத்தால் அந்தப் பொதிக்காகப் பாத்தி கொத்துவது வீண்வேலை. மூன்றாம் வருடம் இந்தச் சோதனையைச் செய்த பிறகே விதைத்தேன். மிச்ச விதையைப் பொதியோடு மடித்து, வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடி இட்ட கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். அடுத்த வருடமும் அது குறையாமல் முளைத்தது.

முளைகளின் நிறத்தையும் அப்போதே கவனிக்கலாம். தங்க நிற பீற்றூட்டின் இளந்தண்டு மஞ்சளாக இருக்கும். சிவந்த தண்டுடன் எழுவது கலப்பு விதை; அது சிவப்புக் கிழங்கையே தரும். கிழங்கு விளைந்து வெட்டிப் பார்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாங்கிய பொதி உண்மையான வகைதானா என்பதை ஒரு கிழமைக்குள்ளேயே அறிந்துவிடலாம்.

விதைக்கும் காலத்தை நான் மார்கழிப் பிற்பகுதி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் விதைத்தால் பாத்தி நனைந்து ஊறி விதை அழுகும், எஞ்சியதை மாரி நத்தைகள் ஒரே இரவில் மேய்ந்துவிடும். மாசி கடந்து விதைத்தால் கிழங்கு பருக்கும் வேளையில் பங்குனி, சித்திரை வெயில் பிடித்துக்கொள்ளும். கிழங்கு நாரோடிச் சுவை கெடும். மார்கழி கடைசியிலும் தை தொடக்கத்திலும் இரவு வெப்பநிலை இருபத்திரண்டு, இருபத்துமூன்று பாகை வரை இறங்குகிறது. குளிர்நாட்டுப் பயிர் ஒன்றுக்கு எங்களால் கொடுக்கக்கூடிய ஆகச் சிறந்த நாட்கள் அவையே.

பாத்தியை ஒரு முழ ஆழத்துக்குக் கொத்தி, கல்லைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். எங்கள் சுண்ணாம்புக் கற்பாறைக்கு மேலே மண் மெல்லியதாக உள்ள இடங்களில் மேட்டுப் பாத்தி அமைப்பது நல்லது. வேர் கல்லில் முட்டினால் கிழங்கு கவராகப் பிரியும். நன்கு உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு போதும், புதிய எருவைத் தவிர்க்க வேண்டும். வரிசைக்கு வரிசை முப்பது சென்ரிமீற்றரும் உருண்டைக்கு உருண்டை ஐந்து சென்ரிமீற்றரும் விட்டு, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சற்றுக் கூடுதலாக விதைக்கிறேன். விதையை மூடுவதற்கு அந்தப் பாத்தி மண்ணையே பயன்படுத்தாமல், அரிதட்டில் அரித்த கூட்டெருவைப் பயன்படுத்துமாறு வற்புறுத்திச் சொல்லுவேன். செம்பாட்டு மண்ணுக்கு நீர் ஊற்றி வெயில் பட்டால் மேலே பொருக்குத் தட்டும்; சோர்ந்து எழும் முளை அந்தப் பொருக்கைத் தள்ள முடியாமல் மண்ணுக்குள்ளேயே மடங்கிவிடும். முளைக்கவில்லை என்று நாம் நினைக்கும் பல விதைகள் முளைத்துப் பின் அடியிலேயே செத்துப் போனவை. மேலே கிடுகு ஒன்றைப் பரப்பி, பூவாளியால் காலையும் மாலையும் மெதுவாகத் தூவ வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் கிடுகைத் தூக்கிப் பார்த்து, முதல் முளைகள் தெரிந்த அன்று மாலையே எடுத்துவிட வேண்டும்; ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும். மஞ்சள் வகை பத்து, பன்னிரண்டு நாட்கள்வரை தவணை முறையில் முளைக்கும், அதற்குள் பாத்தியைக் கொத்திவிடக் கூடாது.

நாற்று மூன்று, நான்கு இலை விட்டதும் ஐதாக்க வேண்டும். இதைச் செய்ய மனம் வருவதில்லை என்று பலர் சொல்லுகிறார்கள், ஆனால் மூன்று நாற்று ஓரிடத்தில் நெருங்கி நின்றால் கிழங்குகள் சிறுத்துவிடும். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையுமாதலால் சிறிய கத்தரிக்கோலால் தரையோடு வெட்டுவது நல்லது. கடைசியில் செடிக்குச் செடி பத்து சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். வெட்டியவற்றை எறிய வேண்டாம். மஞ்சள் பீற்றூட்டின் இலை சிவப்பினதைவிட மென்மையானது, காரலும் குறைவு. தேங்காய்ப்பூவும் சிறிய வெங்காயமும் சேர்த்து வறை செய்தால் கிழங்குக்குக் காத்திருக்கும் நாட்களில் வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வேளைக் கறி ஆகிவிடும்.

கிணற்று நீர் சற்று உவர் என்று தயங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லலாம். பீற்றூட்டின் மூதாதை ஐரோப்பியக் கடற்கரைகளில் உப்புக் காற்றில் வளரும் காட்டுச் செடி. அந்த இயல்பு இன்றும் அதன் குருதியில் இருக்கிறது. மண்ணின் உவர்த்தன்மையை மின்கடத்துதிறனால் அளக்கும்போது வெங்காயம் மீற்றருக்கு 1.2 டெசிசீமன்சிலும் மிளகாய் 1.5 டெசிசீமன்சிலும் விளைச்சல் குறையத் தொடங்க, பீற்றூட் 4 வரை தாங்கும் என்பது பயிரியலில் ஏற்கப்பட்ட கணக்கு. ஆனால் முளைக்கும் பருவத்தில் இந்தத் தாங்குதிறன் இல்லை. அப்போது மேல்மண் 3க்கு மேற்படக் கூடாது. ஆகவே உவர்க் கிணறு உள்ளவர்கள் மாரியில் தொட்டியிற் பிடித்து வைத்த மழைநீரை அந்த முதற் பத்து நாட்களுக்கு ஊற்றி, அதன்பின் கிணற்று நீருக்கு மாறலாம். இறைப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். காயவிட்டுப் பின் ஒரேயடியாக இறைத்தால் கிழங்கு வெடிக்கும்.

யூரியாவைப் பற்றி எழுதாமல் விட என் மனம் ஒப்பவில்லை. பீற்றூட் மண்ணிலுள்ள நைத்திரேற்றைத் தன்னுள் அதிகம் சேர்த்துக்கொள்ளும் பயிர்களில் ஒன்று. யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கருகருவென்று செழிக்கும், கிழங்கு சிறுக்கும், மிச்சம் செம்பாட்டு மண்ணினூடாகவும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடாகவும் நேரே நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வைத்திருக்கிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை கடந்திருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. ஒரே வளவில் கிணறும் பாத்தியும் வைத்திருக்கும் நாம், பாத்திக்கு இடுவதையே கிணற்றிலிருந்து மொண்டு குடிக்கிறோம். வீட்டுப் பாவனைக்குரிய சிறு பாத்திக்கு எருவே போதும்.

அவ்வாறே கிழங்கின் உள்ளே கறுத்த தக்கை போன்ற புள்ளிகள் தோன்றினால் அது பெரும்பாலும் நோயன்று, போரன் என்னும் நுண்ணூட்டச் சத்தின் குறைபாடு. சுண்ணாம்புத் தன்மை மிகுந்த மண்ணில் போரன் இருந்தாலும் வேருக்கு எட்டுவதில்லை. விதைப்பதற்கு முன் சதுர மீற்றருக்கு ஒரு கிராமுக்கு மேற்படாமல் போறாக்ஸை நிறைய நீரில் கரைத்துச் சீராகத் தெளித்தால் சரியாகும். அளவு கூடினால் அதே போரன் நஞ்சாகும், அடுத்து நடும் பயற்றங்கொடியையும் அது கருக்கும்; கண்ணளவில் அள்ளிப் போடக் கூடாது. இலையில் வட்ட வட்டமாக வரும் புள்ளி நோய்க்கு அடியிலைகளைக் கிள்ளி அகற்றுவதும், ஒரே பாத்தியில் வருடாவருடம் பீற்றூட்டோ பசளிக்கீரையோ நடாமல் மாற்றுவதும் எனக்குப் போதுமாயிருந்தன.

விதைத்து எழுபது நாட்களளவில், கிழங்கு ஒரு தேசிக்காயைவிடச் சற்றுப் பெருத்து, மண்ணுக்கு மேலே தெரியும் தோள் செம்மஞ்சளானதும் பிடுங்கிவிடுகிறேன். பெருக்கட்டும் என்று விட்டால் நார் வைக்கும். தண்டில் இரண்டு விரலளவு விட்டு இலையை வெட்டி, தோலோடு அவிக்க வேண்டும். பச்சையாகச் சீவி வைத்தால் காற்றுப் பட்டுக் கறுக்கும், சிறிது தேசிக்காய்ப் புளி விட்டால் நிறம் நிற்கும். பால்கறி வைத்தால் மஞ்சள்தூளின் நிறத்துக்கும் அதன் நிறத்துக்கும் வேறுபாடே தெரியாது. பக்கத்திலிருக்கும் சோற்றையோ சொதியையோ அது சிவப்பாக்குவதுமில்லை. மூன்றாம் வருடம் மாசிக் கடைசியில் முதற் கிழங்கை அவித்து அம்மாவுக்குக் கொடுத்தேன். இரண்டாம் நாள் அவர் தாமாகவே இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

விதை விற்பவர்களிடம் என் வேண்டுகோள் மூன்று. பொதிசெய்த திகதியையும் முளைதிறன் வீதத்தையும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும்படி விட்டுவிட்டு விலைச்சீட்டை வேறிடத்தில் ஒட்டுங்கள். பொதிகளை வாசல் வெயிலிலிருந்து எடுத்து, உள்ளே நிழலான அலுமாரிக்கு மாற்றுங்கள். காலம் கடந்தவற்றை விலை குறைத்து விற்காமல் அகற்றிவிடுங்கள். விதைகளின் தரத்தை ஒழுங்குபடுத்த 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் இந்நாட்டில் இருக்கிறது. அது பெருந்தோட்டக்காரருக்கு மட்டுமன்றி, ஒரு பொதி வாங்கும் வீட்டுப் பெண்ணுக்கும் பயன்பட வேண்டும்.

விவசாயப் போதனாசிரியர்கள் வீட்டுத்தோட்டப் பயிற்சிகளில் பசளை, பூச்சி பற்றி நிறையச் சொல்லித் தருகிறார்கள். அதற்காக நாங்கள் கடமைப்பட்டவர்கள். இருபது விதையை ஈரத்துணியில் வைத்து எண்ணும் இந்தச் சோதனையையும் ஒரு பத்து நிமிடம் செய்து காட்டினால், பீற்றூட்டுக்கு மட்டுமன்றிப் போஞ்சி, கரட், கோவா என வெளியிலிருந்து வரும் எல்லா விதைக்கும் அது உதவும். பாடசாலைத் தோட்டங்களில் பிள்ளைகள் இதை மிக விருப்பத்தோடு செய்வார்கள் என்பதை ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்லுவேன்.

அந்த வாசகர் தம்மிடம் மிச்ச விதை இருப்பதாக எழுதியிருந்தார். அதை எறிந்துவிடாமல் இன்றே இருபதை எண்ணித் துணியில் வைத்துப் பார்க்கும்படி தங்கள் பத்திரிகை மூலம் அவரைக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது கார்த்திகை நடுப்பகுதி. பதினான்கு நாள் எண்ணி முடித்தாலும், முளைக்காவிட்டால் வேறு பொதி வாங்கி மார்கழிப் பிற்பகுதியில் விதைப்பதற்கு அவருக்கு நேரம் இருக்கிறது.

இங்ஙனம்,
இளைப்பாறிய ஆசிரியை,
கோண்டாவில்.